அரைக் கேன் தண்ணீர்

இருதயராஜின் நெஞ்சை இரண்டு முறை திறந்திருக்கிறார்கள். முதல் முறை நாற்பத்து நான்கு வயதில், இரண்டாம் முறை ஐம்பத்தாறில். இப்போது அவருக்கு அறுபத்தொன்பது. அவருடைய பெயரை வைத்து எல்லோரும் செய்யக்கூடிய நகைச்சுவையை அவரே முதலில் செய்துவிடுவார். நேரம் மிச்சம்.

ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் தரைத்தளத்தில் வீடு வாங்கினார். தரைத்தளம் எடுத்ததற்குக் காரணம் மாடிப்படி. வெளியே சொன்ன காரணம் கொசு குறைவு என்பது. தரைத்தளத்தில்தான் கொசு அதிகம். யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

நானும் அம்மாவும் எதிர் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அவரை அங்கிள் என்றும் அவர் மனைவி சரசாவை ஆன்ட்டி என்றும் கூப்பிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. குடியிருப்புக்கு வந்த பிறகு பழகிக்கொண்டேன்.

முதல் அறுவையில் அங்கிளின் இடது காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்து இதயத்தில் வைத்துத் தைத்தார்கள். காலில் ஓடிக்கொண்டிருந்த குழாய் அது. நெஞ்சில் பன்னிரண்டு வருடம் வேலை செய்துவிட்டு அடைத்துக்கொண்டது. இரண்டாம் அறுவைக்கு வலது காலும் இடது முழங்கையின் கீழ்ப் பகுதியும் தேவைப்பட்டன. "ஃபேக்டரியில இருந்தவரைக்கும் ஸ்பேர் பார்ட்டுக்கு ஸ்டோர்ஸ்ல எழுதிக் குடுக்கணும். இதுல நம்மகிட்டயே எடுத்துக்கிறாங்க" என்பார்.

இரண்டாம் அறுவை முடிந்து எடை தூக்கக் கூடாது என்ற காலமும் கழிந்த பிறகு, அவருடன் வேலை பார்த்த ஒருவருக்கு பைபாஸ் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர் மறுத்தார். வீட்டார் அவரை அங்கிளிடம் அழைத்து வந்தார்கள். அங்கிள் அதிகம் பேசவில்லை. வாசலில் இறக்கி வைத்திருந்த தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து ஸ்டாண்டின் மேல் வைத்தார். இருபது லிட்டர். வந்தவர் எழுந்து போய் மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்.

அதிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஆவடியில், அம்பத்தூரில், திருமழிசைப் பக்கமிருந்தும்கூட, நெஞ்சைத் திறக்கப் பயந்தவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்து வருவார்கள். அங்கிள் சட்டையின் மேல் பித்தான்களைக் கழற்றித் தழும்பைக் காட்டுவார். கேனைத் தூக்குவார். "ரெண்டு தபா தொறந்த ஆளு. பாத்துக்கோ" என்பார். வந்தவர்கள் தட்டில் இனிப்பு வைத்துவிட்டுப் போவார்கள். இனிப்பு வாட்ச்மேனுக்குப் போகும். வாட்ச்மேனுக்கு இப்போது சர்க்கரை இருக்கிறது.

நாங்கள் குடிவந்த சில வாரங்களில் ஒரு ஞாயிறு காலை ஆன்ட்டி கதவைத் தட்டினார். கையில் எவர்சில்வர் குடம்.

"கேன் தண்ணிதாம்மா. புடிச்சி ஊத்திக்கோங்க. வீணாப் போவுது."

காசு கொடுத்து வாங்குகிற தண்ணீர் எப்படி வீணாகும் என்று நான் கேட்கவில்லை. அம்மா வாங்கிக்கொண்டாள். பிறகு அது அவ்வப்போது வந்தது. எப்போதும் ஞாயிற்றுக்கிழமை, எப்போதும் பாதிக் கேன் அளவு. எங்களுக்குத் தண்ணீர் வரும் நாட்களிலெல்லாம் எதிர் வீட்டு வாசலில் தெரியாத செருப்புகள் கிடப்பதைக் கவனிக்க எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. ஒரு நாள் குடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டேன்.

ஆன்ட்டி வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மூணு வருஷமா மறுபடியும் வலி வருதும்மா அவருக்கு. ரெண்டாவது தடவை வச்சதுல ஒண்ணு அடைச்சிக்கிச்சாம். இன்னொரு தடவை தொறக்க வேணாம், மாத்திரையிலயே ஓட்டிக்கலாம்னுட்டாங்க. அதோட கேனைத் தூக்கிட்டு ரூமுக்குள்ள போயி நாக்குக்கு அடியில மாத்திரை வச்சிக்கினு நிக்கிறாரு. வந்தவங்க வெளிய கை தட்டுறாங்க."

"அப்ப எதுக்கு ஆன்ட்டி தூக்கணும்?"

"நானும் அதான் கேட்டேன். 'நான் முடியாதுன்னு சொன்னா வந்தவன் ஆஸ்பத்திரி பக்கமே போக மாட்டான் சரசா'ங்கிறாரு. சரி, அவரை நிறுத்த முடியாது, தண்ணியையாவது குறைப்போம்னு குறைச்சேன்."

கேன் கண்ணாடி போலத் தெளிவானது. பாதி என்பது தெரிந்துவிடும். அதற்காக ஒரு பழைய நைட்டியை வெட்டிப் பூப்போட்ட உறை ஒன்றைத் தைத்து மாட்டியிருந்தார். முதல் தடவை அங்கிளிடமே சொல்லவில்லை. அவர் கேனைத் தூக்கி வைத்துவிட்டு அன்று முழுதும் உற்சாகமாக இருந்தாராம். அடுத்த பரிசோதனையில் டாக்டரிடம், தெம்பு திரும்பிவிட்டது, மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேட்டார். அதன் பிறகு ஆன்ட்டி உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அங்கிள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "உறை கொஞ்சம் லூசா கீது, இறுக்கிப் புடி" என்றார்.

போன வருடம் ஆடி மாதத்தில் என் தாய்மாமன் கோகுல்நாத்துக்கு இரண்டாம் அறுவை என்று சொன்னார்கள்.

மாமாவுக்குப் பூந்தமல்லியில் டிரங்க் ரோட்டை ஒட்டிப் பட்டறை. லாரிகளின் ஸ்பிரிங் பட்டைகளைக் காய்ச்சி, அடித்து, மறுபடி வளைத்துக் கொடுப்பார்கள். சம்மட்டி மாமா கையில்தான் இருக்கும். முதல் பைபாஸ் ஆன ஆறாவது மாதமே சம்மட்டியை எடுத்துவிட்டார். இப்போது குழாய்கள் அடைத்துவிட்டன, மறுபடியும் திறக்காவிட்டால் ஆபத்து என்று டாக்டர் சொன்னார். மாமா சொன்ன பதில், "ஒரு தபா தொறந்ததே போதும்."

வித்யா அத்தை எனக்கு போன் செய்தார். "ஸ்வாதி, நீதான் மெடிக்கல்ல கீறியே. நீ சொன்னா கேப்பாரு."

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெடிக்கல் கோடிங் செய்கிறேன். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் அறிக்கைகளைப் படித்து, பில்லுக்காக ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஓர் எண் போடுவது வேலை. பைபாஸுக்கு எண் உண்டு. ஏற்கெனவே ஒருமுறை செய்தவர் என்றால் கூடவே இன்னோர் எண் சேர்க்க வேண்டும். எண் போட்டதும் கோப்பு போய்விடும். அந்த ஆள் வீட்டுக்குப் போனாரா, ஏரியைச் சுற்றி நடந்தாரா என்பதற்கு எண் கிடையாது. ஆனாலும் எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய ஒரே ஆள் நான் என்பதால், நான் பாதி டாக்டர். எனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னால் அடக்கம் என்கிறார்கள்.

கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். இரண்டாம் முறை திறப்பதில் அறுவையிலேயே ஆபத்து கூடுதல். அதைத் தாண்டியவர்கள் பல வருடம் இருக்கிறார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் பாதிப்பேருக்குச் சற்று மேல் உயிரோடு இருக்கிறார்கள். வலி பலருக்குத் திரும்பி வருகிறது. எண்கள் கட்டுரைக்குக் கட்டுரை மாறுகின்றன. இதையெல்லாம் மாமாவிடம் போனில் சொன்னேன்.

"பாதிப்பேருன்னா, நா எந்தப் பாதி?" என்றார்.

"அது தெரியாது மாமா."

"அப்ப இன்னாத்துக்குப் படிச்ச?"

அந்தக் கேள்வியை நானே சில சமயம் கேட்டுக்கொள்வதால் எனக்குக் கோபம் வரவில்லை.

"இந்தா பாரு ஸ்வாதி. சம்மட்டி தூக்க முடியுமா, முடியாதா? முடியும்னா அறுத்துக்கிறேன். தூக்க முடியாத ஒடம்ப வச்சிக்கினு இன்னா பண்றது? அத்த மட்டும் சொல்லு."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. எதிர் வீட்டு அங்கிளைப் பற்றிச் சொன்னேன். ரெண்டு தடவை செய்தவர், தண்ணீர்க் கேனைத் தூக்குவார் என்றேன். பாதி என்பதையும் சொல்வதா என்று யோசிப்பதற்குள் மாமா, "ஞாயித்துக்கெழம வரேன்" என்று வைத்துவிட்டார்.

அந்த ஞாயிறு காலை ஆன்ட்டி குடத்தோடு வந்தார். அம்மா வாங்கிக்கொண்டாள். தன் தம்பியின் அறுவைக்கான தண்ணீர் என்பதால் அன்று அதைத் தனியாக மூடி வைத்தாள்.

அங்கிள் சர்ச்சிலிருந்து வந்து, சட்டை மாற்றி, சோபாவில் உட்கார்ந்திருந்தார். பூப்போட்ட உறையோடு கேன் சுவரோரம் நின்றது. நான் அறிமுகம் செய்துவைக்க முன்னாலேயே போயிருந்தேன். ஆட்டோ வந்து நின்றது. முதலில் மாமா இறங்கினார், பிறகு அத்தை. பிறகு ஆட்டோக்காரர் ஒரு புதுத் தண்ணீர்க் கேனைத் தோளில் சுமந்துகொண்டு வந்து ஹாலின் நடுவில் இறக்கிவிட்டுப் போனார். மூடியின் சீல்கூடப் பிரிக்கவில்லை.

"இது எதுக்குங்க?" என்றார் சரசா ஆன்ட்டி. அவர் குரலில் ஏதோ குறைந்திருந்தது.

"வெறுங்கையோட எப்பிடி வர்றது?" என்றார் மாமா. "ஸ்வீட்டு ஆவாது. பழம்னா சுகரு கீதோ இன்னாவோ. கேனுன்னா யாருக்கும் ஒண்ணும் பண்ணாது."

"நான் ஹார்லிக்ஸ்னேன். இவரு கேனுன்னாரு" என்றார் அத்தை, இதில் தனக்குப் பங்கில்லை என்பதுபோல.

அங்கிள் கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பித்தான்களைக் கழற்றினார். மாமாவும் கழற்றினார். இரண்டு பேரும் ஒருவர் நெஞ்சை மற்றவர் குனிந்து பார்த்தார்கள்.

"உனுக்கு கோடு நேரா கீது" என்றார் அங்கிள்.

"உன்து ஏன் அண்ணாத்தே இப்பிடி மேடு பள்ளமா கீது?"

"அதே ரோட்டுல ரெண்டாவது தபா தோண்டுனாங்க இல்ல. உங்க பூந்தமல்லி ரோடு மாதிரிதான்."

மாமா சிரித்தார். மெட்ரோ வேலையால் பட்டறை வாசலில் மூன்று வருடமாகப் பள்ளம். சிரித்ததில் மூச்சு வாங்கிச் சற்று நேரம் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரி, கேன பாரு" என்று அங்கிள் எழுந்து சுவரோரம் போனார்.

"அத்த ஏன் அண்ணாத்தே?" என்று மாமா குறுக்கே போய் உறையைத் தூக்கிப் பார்த்தார். "இது பாதி காலி. இத்த தூக்கு. புதுசு."

மாமாவுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. குடித்துத் தீர்ந்த பாதி என்று நினைத்திருக்கிறார். சரசா ஆன்ட்டி, "இப்பத்தான் வெளிய போயிட்டு வந்தாரு, கொஞ்சம் காபி சாப்பிட்டுட்டு..." என்று ஆரம்பித்தார்.

"காபி அப்பால குடிக்கலாம்மா. இத்தப் பாத்துட்டுத்தான் நாளைக்கு டாக்டராண்ட வரேன் இல்ல வர்லன்னு சொல்லணும்."

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அந்தக் கேன் மேலே போனால் போதும்.

அங்கிள் புதுக் கேனின் அருகே போய்க் குனிந்தார். ஒரு கையால் கழுத்தைப் பிடித்தார், மறு கையை அடியில் கொடுத்தார். அப்படியே நின்றார். ஆன்ட்டி, "என்னங்க" என்றார். கேன் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பியது. மறுபடி உட்கார்ந்தது. அங்கிள் நிமிர்ந்து, கைகளை லுங்கியில் துடைத்துக்கொண்டு, சோபாவில் போய் உட்கார்ந்தார்.

"முடியாது தம்பி" என்றார்.

"இன்னாது?"

"முடியாது. ஒம்போது வருசம் முழு கேனும் தூக்கினேன். அது நெசம். மூணு வருசமா பாதி கேனுதான். இவ தண்ணிய ஊத்திடுவா. இதோ இந்தப் பொண்ணு ஊட்டுலதான் ஊத்துவா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தண்ணீர் நன்றாக இருந்தது என்பதைத் தவிர எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. சொல்லவில்லை.

மாமா எழுந்தார். "அப்ப சம்மட்டியும் முடியாது."

"கொஞ்ச வருசம் முடியலாம். அப்பால முடியாது. எனக்கு அப்பிடித்தான் ஆச்சி. உனுக்கு எப்பிடியோ, யாருக்குத் தெரியும்?"

"வா வித்யா, போவலாம்."

"உக்காருங்க" என்றார் அத்தை. அவர் அழவில்லை. ஆனால் உட்காருங்க என்று மாமாவிடம் அந்தக் குரலில் சொல்லி நான் கேட்டதில்லை. "முடியாததச் சொல்லிட்டாரு. முடியுறத இன்னான்னு கேட்டீங்களா?"

மாமா உட்காரவில்லை. ஆனால் கேட்டார். "சரி. உன்னால இன்னா முடியும் அண்ணாத்தே?"

அங்கிள் யோசித்தார். "நானே குளிப்பேன். ரெண்டு பொண்ணு கல்யாணத்துலயும் நின்னேன். அசோசியேஷன் மீட்டிங்ல சண்ட போடுவேன்."

"அதுல மட்டும் ஒண்ணும் குறையல" என்றார் ஆன்ட்டி.

"காலையில ஏரியாண்ட மொத பெஞ்சு வரைக்கும் போவேன். உக்காருவேன். திரும்பி வருவேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"காட்டு" என்றார் மாமா.

ஏரி எங்கள் தெருமுனையில் இருக்கிறது. நடைபாதை தொடங்கும் இடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை, அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முதல் பெஞ்சு. வெயில் ஏறியிருந்தது. அங்கிள் முன்னால் மெதுவாக நடந்தார். மாமா பக்கத்தில் வேகமாக ஆரம்பித்தார். நானும் அத்தையும் பின்னால்.

பலகை வந்ததும் அங்கிள் நின்றார். "இங்க நின்னு இந்த போர்ட தெனமும் படிப்பேன். மூச்சு வாங்குறது யாருக்கும் தெரியாது" என்றார்.

ஏரியில் மீன் பிடிக்கக் கூடாது, குப்பை போடக் கூடாது என்று எழுதியிருந்தது. அங்கிள் படித்து முடித்து நடக்க ஆரம்பித்தார். மாமா நகரவில்லை. ஒரு கையைப் பலகையின் கம்பத்தில் வைத்திருந்தார். கழுத்தெல்லாம் வியர்வை.

அங்கிள் திரும்பிப் பார்த்தார். "வா."

"நீ போ அண்ணாத்தே. நா இத்தப் படிச்சிட்டு வரேன்."

"ரெண்டு வரிதான் கீது அதுல."

"தெரியும்."

அங்கிள் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். ஏரியில் பறவைகள் நின்றன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா பலகையைப் படித்தார். நான் கையில் கொண்டுவந்திருந்த தண்ணீரைக் கொடுத்தேன். குடித்தார். பிறகு பத்தடி நடந்து ஒரு வேப்பமரத்தடியில் மறுபடி நின்றார். அங்கே படிப்பதற்கு எதுவும் இல்லை. அத்தை போய் அவர் முதுகில் கை வைத்தார். மாமா தட்டிவிடவில்லை.

பெஞ்சுக்கு வந்து சேர்ந்தபோது அங்கிள் நகர்ந்து இடம் கொடுத்தார். இரண்டு பேரும் ஏரியைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"உனுக்கு வயசு இன்னா?" என்றார் மாமா.

"அறுவத்தெட்டு."

"எனுக்கு அம்பத்தஞ்சி."

"ம்."

பிறகு மாமா கேட்டார். "சம்மட்டிக்கு ஆளு போட்டா, நா இன்னா பண்றது பட்டறையில?"

"சேர் போட்டு உக்காந்து திட்டு."

"அது இப்பவே பண்ணிக்கினுதான் கீறேன்."

"அப்ப புதுசா கத்துக்க வேண்டியது ஒண்ணும் இல்ல."

நாங்கள் திரும்பி வந்தபோது புதுக் கேன் ஸ்டாண்டின் மேல் இருந்தது. பூப்போட்ட உறை மடித்து வைக்கப்பட்டிருந்தது. யார் தூக்கி வைத்தது என்று மாமா கேட்டார்.

"நான்தான்" என்றார் சரசா ஆன்ட்டி. "மத்த நாள்ல எல்லாம் வேற யாரு தூக்குறான்னு நெனச்சீங்க? காபி ஆறுது, குடிங்க."

மறுநாள் மாமா டாக்டரிடம் போனார். ஐப்பசியில் அறுவை நடந்தது. முதல் தடவையைவிட நீண்ட நேரம் ஆயிற்று. மறுநாளே ரத்தக்கசிவு என்று மறுபடி உள்ளே கொண்டுபோனார்கள். அத்தை ஆஸ்பத்திரி வராண்டாவில் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பாதி டாக்டர் வேலையிலிருந்து என்னை விடுவித்துவிட்டார் என்று நினைக்கிறேன். மாமா வீட்டுக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பட்டறையில் இப்போது சம்மட்டி, புதிதாகப் போட்ட ஆள் சுலைமான் பாயிடம் இருக்கிறது. மாமா சேரில் இருக்கிறார். சுலைமான் பாய் அடிக்கும் ஒவ்வோர் அடியும் தப்பு என்று சொல்கிறார். எத்தனை வருடத்துக்கு என்று எனக்குத் தெரியாது. மாமா இப்போது கேட்பதும் இல்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் பருத்திப்பட்டுக்கு வருகிறார். இரண்டு பேரும் முதல் பெஞ்சு வரை போகிறார்கள். பலகையருகே இரண்டு பேரும் நிற்கிறார்கள். ஒருமுறை மாமா இரண்டாவது பெஞ்சு வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். அங்கிள் அதைப் பற்றி இரண்டு வாரம் குறைபட்டுக்கொண்டார்.

பயந்தவர்களை இன்னும் அழைத்து வருகிறார்கள். அங்கிள் கேனைத் தொடுவதில்லை. தழும்பைக் காட்டிவிட்டு ஏரிக்கு அழைத்துப் போகிறார். சிலர் ஏமாந்த முகத்தோடு திரும்புகிறார்கள். இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஒருவர் வாசற்படியிலேயே சொன்னார். அவர் அறுவை செய்துகொண்டாரா என்று தெரியவில்லை. சிலர் செய்துகொள்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர் வருவது நின்றுவிட்டது. இப்போது முழுக் கேனாக நாங்களே வாங்குகிறோம்.